ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள்

இரவு 2 மணி இருக்கும். கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் ஆட்டோ நகரத்து மருத்துவமனையை நோக்கி விரைந்துகொண்டிருக்கிறது. பின்னிருக்கையில் 32 வயதுச் சகோதரி ஒருவர் மாமியாரின் தோளில் சாய்ந்து கிடக்கிறார். நெஞ்சு படபடவென அடித்துக்கொள்கிறது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சுப் போதவில்லை. உதடும் விரல் நுனிகளும் மரத்துவிட்டன. முந்தானை வியர்வையில் நனைந்துவிட்டது. "மாமி, எனக்கு மவுத்து வந்துட்டுது. புள்ளைங்களைப் பாத்துக்குங்க" என்கிறார். மாமியார் அழுதுகொண்டே கலிமா சொல்லிக் கொடுக்கிறார். வழி நெடுக இருவரும் அதையே ஓதிக்கொண்டு வருகிறார்கள்.

மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்கப்படுகிறது. இரத்தம் சோதிக்கப்படுகிறது. பணியிலிருக்கும் இளம் மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லையம்மா, எல்லாம் நார்மல். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள்" என்கிறார். ஓர் ஊசி போடப்படுகிறது. ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஆட்டோ ஊர் திரும்புகிறது.

4 மாதங்களில் இப்படி 5 பயணங்கள். இடையில் எக்கோ, டிரெட்மில், கடைசியில் மதுரைக்குப் போய் ஆஞ்சியோகிராம். தம்மாமிலிருக்கும் கணவர் அனுப்பிய பணம் போதாமல் ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: ஒன்றுமில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு வீட்டில் பேச்சு மாறத் தொடங்கியது. "புருஷன் பக்கத்தில் இல்லையல்லவா, அதனால்தான் இந்த நாடகம்" என்றார் ஒருவர். "தொழுகையில் மனம் ஒன்றவில்லை, ஈமான் பலவீனம்" என்றார் மற்றவர். "நாவூறு பட்டிருக்கிறது" என்று தண்ணீர் ஓதி வாங்கி வந்தார் மூன்றாமவர். அந்தச் சகோதரி யாருக்கும் பதில் சொல்லவில்லை. சோதனைகள் எல்லாம் சரியாக இருக்க, தம் உடம்பில் மட்டும் ஏன் இப்படி நடக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

ஐந்தாம் மாதம் அவர் என்னிடம் வந்தபோது கோப்பு ஒன்றரை அங்குலக் கனம் இருந்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதமும் உண்டு. "என்னைப் போல் எத்தனை பேர் இருப்பாங்களோ, எழுதுங்க டாக்டர்" என்று அவர்தாம் சொன்னார்.

எத்தனை பேர் என்று கேட்டால், விடை சிறியதன்று. 2019ஆம் ஆண்டில் உலகில் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பதற்ற நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மனநோய்களில் இதுவே மிக அதிகமானோரைப் பிடிப்பது. ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. 2017ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்த ஒரு கணக்கெடுப்பு இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 4½ கோடிப் பேர் என்று சொன்னது. இவர்களில் பெரும்பாலோர் மனநல மருத்துவரின் வாசற்படியை மிதித்ததில்லை. இதய மருத்துவர், வயிற்று மருத்துவர், நரம்பு மருத்துவர் என்று சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒன்றுமில்லை" என்ற சொல்லைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அதைச் சொல்லும் மருத்துவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். என்னுடைய ஆரம்ப ஆண்டுகளில் நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கேட்பவருக்கு அது எப்படிப் போய்ச் சேருகிறது? மரணத்தின் வாசல்வரை போய் வந்ததாக உணர்ந்த ஒருவரிடம் ஒன்றுமில்லை என்றால் அவர் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பார். இந்த மருத்துவருக்கு என் நோய் பிடிபடவில்லை. அல்லது நான் பொய் சொல்வதாக இவர் எண்ணுகிறார். முதலாவது எண்ணம் அடுத்த மருத்துவமனைக்கு அனுப்புகிறது. இரண்டாவது வாயை அடைத்துவிடுகிறது. "உங்கள் இதயம் நலமாக இருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது பீதி நோய். அதற்குப் பெயர் உண்டு, சிகிச்சை உண்டு" என்று சொல்வதற்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகும். அவ்வளவுதான்.

அந்த நள்ளிரவில் உடம்புக்குள் நடந்தது என்ன? நம் மூளையின் உட்புறத்தில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கண்டால் மணியடிக்கும் காவலாளி என்று அதை வைத்துக்கொள்ளலாம். நடைபாதையில் பாம்பு கிடந்தால், அது பாம்பா கயிறா என்று அறிவு ஆராய்ந்து முடிப்பதற்குள் இந்தக் காவலாளி மணியை அடித்துவிடுவான். அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமெடுக்கும், தசைகள் முறுக்கேறும், மூச்சு துரிதமாகும், வியர்க்கும். ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு ஆயத்தமாகிறது. இறைவன் நம் பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு இது. பீதி நோயில் பாம்பும் இல்லை, கயிறும் இல்லை. மணி மட்டும் அடிக்கிறது.

மணி அடித்ததும் மூச்சை வேகவேகமாக இழுக்கிறோம். அதனால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றே சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. உதடும் விரல்களும் மரத்துப் போவதும் கைவிரல்கள் இழுத்துக்கொள்வதும் இதனாலேயே. மார்புத் தசைகள் ஓயாமல் உழைத்து வலிக்கின்றன. மூச்சுப் போதவில்லை என்று தோன்றும் அந்த வேளையில் உண்மையில் மூச்சு தேவைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதய நோயாகவோ இருந்துவிட்டால் அது ஆபத்தாகிவிடும்.

இந்தத் தாக்குதல் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் அரை மணிக்குள் தானாகவே தணிந்துவிடும். உடம்பால் அட்ரினலினை அதே வேகத்தில் சுரந்துகொண்டே இருக்க முடியாது. இதை நோயாளி தெரிந்துகொள்வது மிக முக்கியம். ஏனெனில் ஆட்டோவில் ஏறி, மருத்துவமனையை அடைந்து, ஊசி போட்டுக்கொண்ட பிறகே தாம் பிழைத்ததாக அவர் நம்புகிறார். ஊசி போடாவிட்டாலும் அது அடங்கியிருக்கும் என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை.

நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. முதல் தாக்குதல் யாருக்கும் வரலாம். ஒரு முறை வந்து மறைந்துவிடவும் செய்யலாம். அது மீண்டும் வந்துவிடுமோ என்ற அச்சம் குடியேறும்போதுதான் அது நோயாகிறது. அச்சத்தைப் பற்றிய அச்சம் என்று இதைச் சொல்லலாம். நம் சகோதரி, இதயம் வேகமாகத் துடித்தால் தாக்குதல் வந்துவிடும் என்று எண்ணி மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். பிறகு தனியாகக் கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினார். பஸ்ஸை நிறுத்தினார். கலியாண வீடுகளுக்குப் போனாலும் வாசலுக்கருகிலேயே உட்கார்ந்தார். கடைசியில், ஸஜ்தாவிலிருந்து எழும்போது நெஞ்சு துடிப்பது தெரிகிறது என்று நாற்காலியில் அமர்ந்து தொழலானார். முழங்கால் வலியா என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டார். இதைச் சொன்னபோதுதான் என் முன்னால் அவர் முதன்முதலாக அழுதார்.

ஒதுங்குகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் நோய்க்குத் தீனி. "போகவில்லை, அதனால் பிழைத்தேன்" என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சிறிய காரணத்துக்கே மணி அடிக்கிறது. 1986ஆம் ஆண்டில் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இந்தச் சுழலைத் தெளிவாக விளக்கினார். உடம்பில் தோன்றும் சாதாரண மாற்றத்தைப் பேராபத்து என்று மனம் தவறாகப் பொருள்கொள்கிறது. அதனால் பயம் கூடுகிறது. பயத்தால் உடம்பின் மாற்றம் மேலும் கூடுகிறது. இன்றைய சிகிச்சையின் பெரும்பகுதி இந்தத் தவறான பொருளைத் திருத்துவதில்தான் அடங்கியிருக்கிறது.

இதை மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நினைத்து மலைக்க வேண்டியதில்லை. இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியிலுள்ள பல்க் நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற பேரறிஞர் ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல், காலமானவர். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை பற்றி அவர் எழுதிய நூலுக்கு 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்று பெயர். உடல் நோய்களுக்கு ஒரு பகுதி, உள்ள நோய்களுக்கு ஒரு பகுதி. இரண்டாம் பகுதியில் கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் வைத்தார். சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி 2013ஆம் ஆண்டில் அந்தப் பகுதியை ஆங்கிலத்தில் தந்த பிறகுதான் நம்மில் பலருக்கு இப்படியொரு நூல் இருப்பதே தெரிந்தது.

அச்சத்தைப் பற்றி அல்பல்கீ சொல்லும் உவமை ஒன்று என் மனத்தை விட்டு அகலுவதில்லை. பாலைவனத்திலேயே வாழ்ந்த நாட்டுப்புற அரபி ஒருவர் குளிர் நாட்டுக்குப் போகிறார். எதிரே அடர்ந்த மூடுபனி. அதை அவர் முன்பின் கண்டதில்லை. ஊடுருவ முடியாத திண்மையான ஏதோ ஒன்று வழியை அடைத்து நிற்பதாக எண்ணி அஞ்சுகிறார். உள்ளே நுழைந்ததும், தாம் அதுவரை சுவாசித்து வந்த அதே காற்றுதான், சற்று ஈரமாக இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. அஞ்சியதை விட்டு ஓடாமல் அதனிடம் மீண்டும் மீண்டும் சென்று பழகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு உளவியல் நூல்கள் சொல்வதும் ஏறத்தாழ இதையே. உடல் நலமாக உள்ளவரும் அவசரத்துக்கு மருந்துகளை வீட்டில் வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே அச்சத்தை எதிர்கொள்ளும் எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார்.

நோயை உறுதி செய்வது எப்படி? இதற்கென்று இரத்தச் சோதனையோ படமோ கிடையாது. பொறுமையாகக் கேட்பதுதான் சோதனை. எதிர்பாராத தாக்குதல்கள் மீண்டும் மீண்டும் வருகின்றனவா, இனியும் வருமோ என்ற கவலையோ அதற்காக வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்கிறதா என்று பார்க்கிறோம். அதற்கு முன் உடல் நோய்களை விலக்க வேண்டும். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் படபடப்பும் வியர்வையும் கைநடுக்கமும் வரும். இரத்தச் சோகை நம் பெண்களிடம் மிகுதி. அதிலும் நெஞ்சு துடிக்கும், மூச்சு வாங்கும். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கினாலும் இதே கோலம்தான். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகளும், நாளுக்கு ஏழெட்டுக் கோப்பை தேநீரும் இதயத்தை விரட்டும். சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்திலேயே கோளாறு இருக்கும். விளக்கைப் போட்டு அணைத்ததுபோல் துடிப்பு சட்டென்று ஏறிச் சட்டென்று நின்றுவிடும். ஒரு முறை முறையாகப் பரிசோதித்து இவையெல்லாம் இல்லையென்று தெரிந்த பிறகு, அதே சோதனைகளை ஐந்து தடவை செய்வது பணத்தையும் வளையலையும் கரைப்பதோடு நோயையும் வளர்க்கும்.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நெஞ்சுவலி எல்லாம் பயம்தான் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ வந்து ஓய்வெடுத்தால் குறையும் வலி, இடக்கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, மயங்கி விழுதல், 40 வயதைக் கடந்தவருக்கோ சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவருக்கோ முதன்முறையாக வரும் மார்பு இறுக்கம் ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பெண்களின் உண்மையான மாரடைப்பை வாய்வு என்றும் பயம் என்றும் தள்ளிப்போட்டு இழந்த வீடுகளும் நம்மிடையே உண்டு.

பதற்ற நோயில் பீதி நோய் ஒரு வகைதான். பிள்ளையின் படிப்பு, கணவரின் விசா, மாமனாரின் சர்க்கரை என்று எதையாவது பற்றி 6 மாதத்துக்கு மேல் ஓயாமல் கவலைப்பட்டு, தூக்கமும் பசியும் கெட்டு, கழுத்தும் தோளும் இறுகிக் கிடப்பது பொதுப் பதற்ற நோய். நாலு பேர் முன்னால் பேசவோ உண்ணவோ அஞ்சி ஒடுங்குவது சமூக அச்சம். "அடக்கமான பிள்ளை" என்று நாம் புகழும் சிலர் உண்மையில் இந்த நோயால் வாடுகிறவர்கள். ஊசி, நாய், உயரம், மூடிய அறை என்று ஒரே பொருளின் மீது வரும் அச்சமும் உண்டு.

வஸ்வாஸ் பற்றிக் கடிதம் எழுதிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் அதையும் தொட்டுச் செல்கிறேன். வுளூ முறிந்துவிட்டதோ என்று ஒரு தொழுகைக்கு ஏழெட்டு முறை வுளூச் செய்வது, தக்பீர் சரியாகச் சொல்லவில்லையோ என்று மீண்டும் மீண்டும் கை கட்டுவது, குளியலறையில் ஒரு மணி நேரம் நிற்பது ஆகியன எண்ணச் சுழல் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். முன்பு இதைப் பதற்ற நோய்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு இதைத் தனி வகையாகப் பிரித்தது. இதற்கான சிகிச்சையில் சந்தேகம் எழுந்தாலும் மறுபடி கழுவாமல் இருக்கப் பயிற்றுவிக்கிறோம். உறுதியாக அறிந்ததைச் சந்தேகம் நீக்கிவிடாது என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆகவே இந்தச் சிகிச்சைக்கு மார்க்கம் தடையாக நிற்குமோ என்று அஞ்சத் தேவையில்லை. ஊர் ஆலிமிடம் சட்டத்தை ஒரே ஒரு முறை கேட்டுத் தெளியுங்கள். அதே கேள்வியை நாள்தோறும் கேட்கத் தோன்றினால், அடுத்துப் போக வேண்டியது மருத்துவரிடம்.

இனி சிகிச்சை. நம் சகோதரிக்கு முதல் இரண்டு சந்திப்புகளும் மேலே எழுதிய விளக்கத்திலேயே கழிந்தன. மூன்றாம் சந்திப்பில், எங்களுடன் பணியாற்றும் உளவியலாளர் அவரை நாற்காலியில் அமர்த்தி ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொன்னார். தலை சுற்றியது, விரல் மரத்தது, நெஞ்சு துடித்தது. "இதேதான்! இதேதான் வருது!" என்று கத்திவிட்டார். பின்பு மூச்சு சீரானதும் எல்லாம் இறங்கியது. தாமே வரவழைத்துத் தாமே போக்கிய ஒன்று மரணமாக இருக்க முடியாது என்பது அந்த அறையில் அவருக்குப் புலப்பட்டது. நான் எத்தனை நாள் பேசியிருந்தாலும் அதை உணர்த்தியிருக்க முடியாது. (இதயம், நுரையீரல் நலமாக உள்ளதென்று உறுதியான பின் பயிற்சி பெற்றவர் முன்னிலையில் செய்ய வேண்டியது இது. வீட்டில் முயலாதீர்கள்.)

அதன்பின் அவர் அஞ்சுபவற்றை ஏணிபோல் வரிசைப்படுத்தினோம். மாடிப்படி முதல் படி. தெருமுனைக் கடை அடுத்தது. கலியாண வீட்டில் நடுவில் உட்காருவது, பஸ்ஸில் தனியே செல்வது எல்லாம் மேலே. அச்சம் வந்தால் இறங்கி ஓடாமல், அது ஏறி இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் 10 முதல் 15 அமர்வுகளில் நல்ல பலன் தெரியும்.

மாத்திரையும் கொடுத்தேன். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை இந்நோய்க்கு முதலில் தரப்படுபவை. இவை தூக்க மாத்திரைகள் அல்ல. போதை தருவனவும் அல்ல. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டலும், சிலருக்குப் படபடப்புச் சற்றுக் கூடுவதும் உண்டு. இதை முன்கூட்டிச் சொல்லாததால் மூன்றாம் நாளே மருந்தைக் குப்பையில் போட்டவர்கள் பலர். குணமான பின்னும் 6 மாதம் முதல் ஓராண்டுவரை தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும் விதத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவரும் பால் கொடுப்பவரும் அதைத் தவறாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நோன்பு வைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இவை பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை சாப்பிடுபவை; இஃப்தாருக்குப் பின்னோ ஸஹரிலோ மாற்றிக்கொள்ள இயலும். ரமளானுக்கு முன்பே கேட்டு நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை மாத்திரையைப் பற்றி அஞ்சத்தான் வேண்டும். அல்பிரசோலம், குளோனசெபாம், டயசிபாம் போன்றவை அரை மணியில் படபடப்பை அடக்கிவிடும். அதனாலேயே அவற்றின் மீது மோகம். சில வாரங்களுக்கு, தேவைப்படும்போது மட்டும், மருத்துவர் பார்வையில் எடுத்தால் தீங்கில்லை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு அதற்கு அடிமையாகிவிடும்; அளவும் ஏறிக்கொண்டே போகும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத இந்த மருந்துகளை ஒருவருக்கு எழுதிய பழைய சீட்டைக் காட்டி வீட்டில் நாலு பேர் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளவும் இவை காரணமாகின்றன. நெடுநாள் சாப்பிட்டு வருபவர் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

ஓதிப் பார்ப்பது பற்றிக் கேட்பீர்கள். துஆவும் குர்ஆன் ஓதுதலும் உள்ளத்துக்குத் தரும் ஆறுதலை நான் மறுக்கவில்லை. நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை ஆலிம்கள் நமக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஒன்றைச் செய்ய மற்றொன்றை விட வேண்டியதில்லை. கவலையெல்லாம் காலம் கடத்துவதில்தான். ஏர்வாடி தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய காப்பகக் கொட்டகையில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அவர்களுடையது வேறு வகை நோயாக இருந்திருக்கலாம். ஆனால் மருத்துவரிடம் போகவேண்டியவரை வேறெங்கோ கொண்டுபோய் விட்டதில்தான் அந்தத் துயரம் தொடங்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் மனநல மருத்துவரும் அமர்ந்து மருந்து தரும் ஏற்பாடு நடந்தது; பின்னர் ஏர்வாடிக்கும் அத்தகைய ஏற்பாடு வந்தது. முஜாவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பிவைக்கிறார்கள் என்றால், வீட்டிலிருக்கும் நாம் தயங்குவது எதற்காக?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்துகளும் இலவசம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் வர வேண்டிய இடமல்ல இது என்று எண்ணத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டாருக்குத்தான் கடினமான பகுதி. தாக்குதல் வரும்போது "பயப்படாதே" என்று அதட்டுவதால் பயனில்லை. பத்துப் பேர் கூடி விசிறுவதும் கூடாது. ஒருவர் மட்டும் அருகில் அமர்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விடும்படி அமைதியாகச் சொன்னால் போதும். "எனக்கு ஒன்றும் ஆகாதே?" என்று நாளுக்கு முப்பது தடவை கேட்பவருக்கு முப்பது தடவையும் "ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருப்பதும் ஒதுங்கி ஓடுவதற்குத் துணை போவதுதான். நம் சகோதரியின் மாமியாருக்கு இதை விளக்கியபோது, "அப்ப நான் சும்மா இருக்கணுமா டாக்டர்? புள்ளை துடிக்கிறதைப் பார்த்துக்கிட்டா?" என்று கேட்டார். கூடவே இருங்கள், ஆட்டோவை மட்டும் கூப்பிடாதீர்கள் என்றேன். அந்த அம்மையார் செய்த காரியம் எந்த மருந்துக்கும் குறைந்ததன்று. அடுத்த முறை நள்ளிரவில் தாக்குதல் வந்தபோது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி 22 நிமிடம் உட்கார்ந்திருந்தாராம். அது அடங்கியதும் இருவரும் தேநீர் போட்டுக் குடித்திருக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து ஆட்டோ புறப்படாத முதல் இரவு அது.

எட்டாம் மாதம் அவர் வந்தபோது தொழுகை விரிப்புக்குத் திரும்பிவிட்டிருந்தார். தங்கையின் நிக்காஹ்வுக்குத் தாய்வீடு செல்லப் பிள்ளைகளோடு தனியே பஸ் ஏறியதைச் சொன்னார். பாதி வழியில் அந்தப் படபடப்பு வந்ததாம். முகத்தைப் பார்த்த கண்டக்டர், "என்னம்மா, இறங்கறீங்களா?" என்று விசில் அடிக்கக் கை எடுத்திருக்கிறார். "வேணாம் அண்ணே, போகட்டும்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இரண்டு ஊர் கடந்ததும் சின்ன மகள் வேர்க்கடலை கேட்டிருக்கிறாள். வாங்கிக் கொடுக்கக் கை நீட்டியபோதுதான், விரல்கள் மரத்திருக்கவில்லை என்பதை அவர் கவனித்தாராம்.